நோன்பும் நோயும்: மனநலத்திற்கு நால்வகைத் தானம்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தீர்த்தங்கரர் அவதரித்த நன்னாளில் நோயைப் பற்றிப் பேசுதல் தகுமோ என்று சிலருக்குத் தோன்றக்கூடும். இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட தானங்கள் நான்கு. அவை ஆகார தானம், அபய தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம் என்பன. மருந்தளித்தலை உணவளித்தலுக்கு இணையாக வைத்த நெறி இது. பதினெண்கீழ்க்கணக்கில் சமணச் சான்றோர் இயற்றிய நூல்களுள் சிறுபஞ்சமூலம், ஏலாதி என்னும் இரண்டும் மருந்துகளின் பெயரையே தாங்கி நிற்கின்றன. முன்னது ஐந்து வேர்களால் ஆகிய மருந்து. பின்னது ஏலம் முதலிய ஆறு சரக்குகளால் ஆகிய மருந்து. அறநூலுக்கு மருந்தின் பெயரிட்ட முன்னோரின் வழிவந்தோர், உள்ளத்து நோய்க்கும் மருந்துண்டு என்று கேட்பதற்கு நாண வேண்டியதில்லை.

ஓர் எடுத்துக்காட்டுடன் தொடங்குவது பொருத்தமாகும். இது ஒருவருடைய வரலாறு அன்று. பல வீடுகளில் காணப்படுவனவற்றை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லும் காட்சி.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர். நன்செயும் புன்செயும் உடையவர். மக்கள் இருவரும் வெளியூரில். மனைவி மறைந்து ஓராண்டு ஆகிறது. நாள்தோறும் ஜினாலயம் சென்றவர், மெல்ல மெல்லச் செல்லாதவரானார். பின்னிரவு மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். பிறகு உறக்கமில்லை. இருவேளை உண்டவர் ஒருவேளை உண்டார். பின்னர் ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டார். உறவினர், "பெரியவர் பற்றறுத்துவிட்டார், முதிர்ந்த ஞானம்" என்று கைகூப்பினர். விழாவுக்கு வந்த மகளுக்கு மட்டும் ஐயம் எழுந்தது. நோன்பிருப்பவர் முகத்தில் ஓர் அமைதி இருக்குமே, அஃது அப்பாவிடம் இல்லையே என்று எண்ணினாள். "இனி எனக்கு எதற்கம்மா உணவு? எல்லாருக்கும் பாரமாக இருக்கிறேன்" என்றார் அவர். அந்தப் "பாரம்" என்ற சொல் அவளை உறுத்தியது. பெரியவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள்.

மருத்துவர் பலவும் கேட்டபின், தயக்கமின்றி ஒரு கேள்வியைக் கேட்டார்: "ஐயா, உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறதா?" நெடுநேரம் பேசாதிருந்த பெரியவர் கண் கலங்கி விடை சொன்னார்: "நாள்தோறும் தோன்றுகிறது. விரதம் என்று சொன்னால் எவரும் தடுக்கமாட்டார்கள் என்று நினைத்தேன்."

அங்கே நோன்பு இல்லை, நோய் இருந்தது. அதன் பெயர் மனச்சோர்வு. நோன்பையும் நோயையும் பிரித்தறியத் தெரியாமையால் ஓர் உயிர் கைநழுவவிருந்தது. உயிர்க்கொலையை முதற்பாவமாகக் கொண்ட ஒரு சமுதாயம் இதை எளிதாகக் கடந்துபோக இயலாது. ஆகவே, மேற்கூறிய நான்கு தானங்களின் வழியே மனநோயை அணுகிப் பார்ப்போம்.

சாஸ்திர தானம்: அறிவைக் கொடுத்தல்

முதற்கண் வேண்டுவது அறிவு. பெங்களூரிலுள்ள தேசிய மனநலம் மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனமாகிய நிம்ஹான்ஸ், 2015-16ஆம் ஆண்டுகளில் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 100 பேரில் 10 பேருக்குச் சற்று மேற்பட்டோர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுடன் வாழ்கின்றனர் என்று அது கண்டது. சிகிச்சை பெறாதோர் நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 100-க்கு 70 முதல் 92 வரை என்பதும் அவ்வாய்வின் முடிவு. ஒரு மண்டபத்தில் 300 பேர் கூடியிருந்தால், ஏறத்தாழ 30 பேருக்கு இவ்வுரை நேரே உரியது. அவர்களுள் பெரும்பாலோர் இன்னும் மருத்துவரைக் காணாதவர்கள் என்பது இதன் பொருள்.

மனச்சோர்வு என்பது துயரம் அன்று. துயரம் எவர்க்கும் வரும், ஆறும். மனம் வாடிக் கிடத்தலும், விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் அறவே குறைதலும் இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்து, அவற்றுடன் உறக்கக் கேடு, பசியின்மை, களைப்பு, கவனச் சிதறல், காரணமற்ற குற்றவுணர்வு, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியன பலவும் சேருமாயின் அது நோய். முதியோரிடத்து இது பெரும்பாலும் உடல்வலியாகவும் மறதியாகவும் தோற்றமளிக்கும். ஆண்களிடத்துச் சினமாகவும் குடியாகவும் வெளிப்படுவதுண்டு. பிள்ளை பெற்ற தாய்மார்க்குச் சில நாள் அழுகை வந்து இரண்டு வாரத்திற்குள் தானே தணிதல் இயல்பு. தணியாமல் நீண்டால் அது மகப்பேற்றுக்குப் பின்வரும் மனச்சோர்வு. தாய் உறங்காமல், தொடர்பின்றிப் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமான எண்ணங்களைச் சொல்வாளாயின் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அது நெருக்கடி நிலை.

அடுத்தது பதற்றநோய். தேர்வுக்கு முன் நெஞ்சு படபடத்தல் நோயன்று. ஆனால், எதைப் பற்றியும் ஓயாமல் அஞ்சிக்கொண்டே மாதக்கணக்கில் வாழ்தல் நோய். அதன் ஒரு வடிவம் பீதித் தாக்கம். திடீரென்று நெஞ்சடைப்பது போலவும், மூச்சு நின்றுவிடுவது போலவும், உயிரே போய்விடுவது போலவும் தோன்றிச் சில நிமிடங்களில் உச்சத்தை எட்டித் தணியும். இவ்வாறு துன்புறுவோர் பலர் இதயப் பரிசோதனைகளை மீண்டும் மீண்டும் செய்துகொண்டு, "ஒன்றும் இல்லை" என்ற விடையுடன் திரும்புகின்றனர். இதயத்தில் ஒன்றும் இல்லை என்பது நல்ல செய்தியே. ஆயினும் அவர்க்கு நோயே இல்லை என்பது அதன் பொருளன்று.

மூன்றாவது, எண்ணச் சுழற்சி நோய். வேண்டாத ஓர் எண்ணம் மனத்திற்குள் வலியப் புகுந்து அச்சுறுத்தும். அவ்வச்சத்தைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய நேரும். கைகழுவுதலும் தாழ்ப்பாளைச் சரிபார்த்தலும் பலரும் அறிந்தவை. சமண இல்லங்களில் இது வேறு கோலத்திலும் வரலாம். நீரை வடிகட்டிப் பருகுதல் நல்லொழுக்கம். ஒரு குடம் நீரை இருபது முறை வடிகட்டியும் மனம் நிறைவுறாமல் அழுதல் நோய். நடக்கும்போது உயிர்களைக் காத்து நடத்தல் அறம். எறும்பை மிதித்துவிட்டோமோ என்று வந்த வழியே திரும்பிச் சென்று மணிக்கணக்கில் தேடிக்கொண்டிருத்தல் நோய். செபத்தில் ஒரு சொல் தவறிற்றோ என்று விடியும்வரை மீண்டும் மீண்டும் தொடங்குதலும் அத்தகையதே. ஒழுக்கம் மனத்தை விடுவிக்கும். நோய் மனத்தைப் பிணிக்கும். இவ்வேறுபாடு தெரியாதவர்கள், துன்புறும் பிள்ளையைப் "பக்தியுள்ள பிள்ளை" என்று புகழ்ந்து நோயை வளர்த்துவிடுகின்றனர்.

நான்காவது, இருதுருவ மனநோய். சில காலம் ஆழ்ந்த சோர்வு. சில காலம் அளவிறந்த எழுச்சி. எழுச்சிக் காலத்தில் மூன்று மணிநேர உறக்கமே போதும் என்று தோன்றும். பேச்சு பெருகும்; பணம் கரையும்; நிலத்தை விற்றுப் பெருந்தொழில் தொடங்கும் திட்டங்கள் பிறக்கும். தடுப்போர் மேல் சினம் பாயும். ஐந்தாவது, மனச்சிதைவு நோய். பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலோ இருபதுகளிலோ தொடங்குவது. எவரும் பேசாத குரல் காதில் விழும். தன்னைச் சுற்றிச் சதி நடப்பதாக உறுதியான நம்பிக்கை எழும். தனிமையும் தன்னைப் பேணாமையும் மிகும். உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவர்க்கு இந்நோய் உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இவையெல்லாம் ஏன் வருகின்றன? பரம்பரைக் கூறு, மூளையின் வேதியியல், இளமையில் பட்ட துன்பம், இழப்பு, குடி, உடல்நோய் எனக் காரணங்கள் பல. பெரும்பாலும் ஒன்று மட்டும் காரணமாவதில்லை. "முன்வினை" என்று கூறி அமைதி அடைவோரும் உளர். காய்ச்சலும் எலும்பு முறிவும் வினைப்பயனே என்று கொண்டாலும், அவற்றுக்கு எவரும் மருந்து தேடாமல் இருப்பதில்லை. வினைக் கோட்பாடு முயற்சியைத் தடுப்பதன்று. வெகுளி, செருக்கு, வஞ்சம், பற்று என்னும் நான்கு கஷாயங்களை அடக்கத்தால் வெல்ல வேண்டும் என்பது உண்மை. மனச்சோர்வோ மனச்சிதைவோ கஷாயம் அன்று. "மனத்தை அடக்கு" என்று நோயாளியிடம் கூறுவது, காலொடிந்தவனை "நிமிர்ந்து நட" என்பதற்கு ஒப்பாகும்.

ஔஷத தானம்: மருத்துவத்தைக் கொடுத்தல்

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று திருக்குறளின் மருந்து என்னும் 95ஆம் அதிகாரம் உணர்த்துகிறது. மனநல மருத்துவத்திற்கு இது மிகவும் பொருந்தும்.

முதலில் உடற்பரிசோதனை. தைராய்டுச் சுரப்புக் குறைந்தால் மனச்சோர்வு போன்ற நிலை தோன்றும். வைட்டமின் பி12 குறைந்தாலும் களைப்பு, மறதி, சோர்வு தோன்றும். இச்சத்து இயற்கையில் விலங்குணவிலேயே கிடைப்பதாலும், மரக்கறி உண்போர்க்குப் பால், தயிர் வழியாக மட்டுமே வருவதாலும், சமணக் குடும்பங்களில், குறிப்பாக முதியோர்க்கு, இப்பரிசோதனை இன்றியமையாதது. குறையிருப்பின் மாத்திரையாலோ ஊசியாலோ எளிதில் சரிசெய்யலாம்.

சிகிச்சையில் இரு பெரும் வழிகள் உண்டு. ஒன்று பேச்சுவழிச் சிகிச்சை. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பது, மனத்தில் தானே எழும் பிழையான எண்ணங்களை அடையாளம் கண்டு, சான்றுகொண்டு சோதித்து, நடத்தையைப் படிப்படியாக மாற்றும் முறை. மிதமான மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் இது நற்பயன் தருகிறது. எண்ணச் சுழற்சி நோய்க்கு, அஞ்சுவதை எதிர்கொண்டு பழகி, திரும்பச் செய்யும் செயலைத் தவிர்க்கும் பயிற்சி தரப்படுகிறது. இதனைப் பயின்ற உளவியலாளரிடமே பெற வேண்டும். அறிவுரை கூறுதல் வேறு, சிகிச்சை வேறு.

மற்றொன்று மருந்து. மனச்சோர்வுக்கும் பதற்றத்திற்கும் எண்ணச் சுழற்சிக்கும் இன்று மிகுதியாக அளிக்கப்படுவன எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்செட்டின் போன்றவை. இவற்றைப் பற்றி மூன்று செய்திகளை மனத்தில் இருத்த வேண்டும். முதலாவது, பயன் உடனே தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். குமட்டல், தலைவலி போன்ற சிறு தொல்லைகள் முதல் வாரத்திலேயே வரும். பின் பெரும்பாலும் குறையும். பத்து நாளில் "மருந்து கேட்கவில்லை" என்று நிறுத்துவோர், தொல்லையை மட்டும் பட்டுப் பயனைப் பெறாமல் போகின்றனர். இரண்டாவது, நலமடைந்த பின்னும் குறைந்தது ஆறு மாதமேனும் தொடர வேண்டும். நிறுத்தும்போது மருத்துவர் சொல்லும் அளவில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். மூன்றாவது, இவை போதைப்பழக்கத்தை உண்டாக்கும் மருந்துகள் அல்ல. பழக்கமாகக்கூடியவை அல்பிரசோலம், டயசிபாம், குளோனசிபாம் போன்ற உறக்க, பதற்றத் தணிப்பு மாத்திரைகள். அவற்றை மருத்துவர் குறுகிய காலத்திற்கே தருவார். மருந்துக் கடையில் தாமே வாங்கி ஆண்டுக்கணக்கில் உண்பதுதான் தீங்கு.

இருதுருவ நோய்க்கு லித்தியம் என்னும் உப்பு பயன்படும் என்பதை 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்டார். இன்றும் அது சிறந்த மருந்துகளுள் ஒன்று. மனச்சிதைவு நோய்க்கு 1952-இல் குளோர்புரோமசின் பயன்பாட்டுக்கு வந்தபின், பூட்டிவைத்தலே வழி என்றிருந்த நிலை மாறத் தொடங்கியது. இன்று பல புதிய மருந்துகள் உள்ளன. மாத்திரையை மறப்போர்க்கு வாரங்கள் நிலைத்து வேலைசெய்யும் ஊசிகளும் உண்டு. நோய் தொடங்கிய உடனே சிகிச்சை பெற்றோர் படிப்பையும் பணியையும் தொடரும் வாய்ப்பு மிகுதி. காலம் தாழ்த்தினால் அவ்வாய்ப்புக் குறையும்.

மின்னதிர்வுச் சிகிச்சை என்றதும் திரைப்படக் காட்சிகளே பலர் நினைவுக்கு வருகின்றன. இன்று அது மயக்க மருந்தும் தசைத்தளர்வு மருந்தும் கொடுத்தே செய்யப்படுகிறது. அவையின்றிச் செய்தலைச் சட்டம் தடைசெய்துள்ளது. உணவை முற்றிலும் மறுத்து உயிருக்கு ஆபத்தான நிலையில் இருக்கும் மனச்சோர்வு நோயாளியை விரைந்து மீட்கவல்ல சிகிச்சை அதுவே. அண்மை நினைவுகள் சில காலம் மங்குவது அதன் பக்கவிளைவு.

எங்கே செல்வது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 1996-இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின்வழி மாவட்ட அளவிலும் சேவை கிடைக்கிறது. சென்னைக் கீழ்ப்பாக்கத்து மனநல நிறுவனம் 1794-இல் தோன்றிய தொன்மை உடையது. அதன் தலைவராக நெடுங்காலம் பணியாற்றிய டாக்டர் சாரதா மேனன், 1984-இல் மனச்சிதைவு நோயாளர்க்கென்றே ஸ்கார்ஃப் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் குடும்பத்தாரும் நோயாளியுடன் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறை உள்ளது. வீட்டைவிட்டு வெளியேற இயலாதோர், 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். மைய அரசு இதனை 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கியது.

ஆகார தானம்: உணவும் நோன்பும்

இப்பகுதி சமணக் குடும்பங்களுக்கே உரியது. மருத்துவர் கேட்கமாட்டார், நோயாளியும் சொல்லமாட்டார்.

லித்தியம் உண்போர் உடலில் நீரும் உப்பும் குறைந்தால், குருதியில் அம்மருந்தின் அளவு உயர்ந்து நஞ்சாகும். கைந்நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி, குழறிய பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். எனவே, லித்தியம் உண்போர் தசலட்சண நாள்களில் நீரும் பருகாமல் உபவாசம் இருத்தல் உயிருக்கே ஆபத்து. மருத்துவரைக் கேளாமல் எந்த நோன்பையும் மேற்கொள்ளக் கூடாது.

இராவுண்ணாமையைக் கடைப்பிடிப்போர்க்கு, "இரவு உணவுக்குப் பின்" என்று எழுதிய சீட்டு இடர் தருகிறது. பலர் மருத்துவரிடம் ஒன்றும் சொல்லாமல், அம்மாத்திரையை மட்டும் விட்டுவிடுகின்றனர். நோன்பைச் சொன்னால் மருத்துவர் மாத்திரையின் வேளையையோ மருந்தையோ மாற்றித் தரக்கூடும். கேப்சூலின் உறை பெரும்பாலும் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டினால் ஆனது. அதை அறிந்து, சொல்லாமலே மருந்தை நிறுத்தியோர் உளர். பல மருந்துகள் மாத்திரை வடிவிலும் கிடைக்கின்றன. "ஐயா, எங்களுக்குக் கேப்சூல் வேண்டாம், மாத்திரையாக எழுதித் தாருங்கள்" என்று கேட்பதில் குறையொன்றும் இல்லை. மறைத்தலே நோயை வளர்க்கும்.

இனி, மிகவும் நுண்ணிய செய்தி. 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் சல்லேகனையைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கருதித் தீர்ப்பளித்தது. அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. சல்லேகனை சாவை விரும்புவதன்று என்பதே அன்று நாடெங்கும் சமணர் எடுத்துரைத்த வாதம். அதற்குத் தத்துவார்த்த சூத்திரமே சான்று. சல்லேகனைக்கு உரிய ஐந்து அதிசாரங்களுள், அதாவது குற்றங்களுள், இறப்பை விரும்புதலும் ஒன்றென அது வகுத்துள்ளது. வீதியில் நின்று உரைத்த அவ்வாதத்தை வீட்டுக்குள்ளும் கடைப்பிடிக்க வேண்டும். சாவை விரும்பி உணவை மறுப்பவரைத் துறவி என்று போற்றுவது அறத்திற்கும் பிழை, மருத்துவத்திற்கும் பிழை.

வேறுபாட்டை எப்படி அறிவது? நோன்பு நோற்பவர் தெளிந்த அறிவுடன், குருவின் இசைவுடன், எல்லாரிடமும் பொறுத்தருள வேண்டி, அமைதியாக முற்படுவார். நோயாளியோ "நான் பாரம்", "நான் பாவி", "எல்லாம் முடிந்தது" என்பார், வழிபாட்டிலும் விருப்பிழந்திருப்பார், இழப்புக்குப் பின்னோ கடனுக்குப் பின்னோ திடீரென்று மாறியிருப்பார். ஐயம் எழுந்தால் முதலில் மருத்துவர், நோன்பு பிறகு. நோயிலிருந்து மீண்ட பின்னும் அவர்க்கு நோன்பில் நாட்டம் இருப்பின், அப்போது நோற்கலாம்.

அபய தானம்: அஞ்சேல் என்னும் கொடை

நான்கினும் அரியது அபய தானம். மனநோயாளி நோய்க்கு அஞ்சுவதினும் ஊருக்கே மிகுதியாக அஞ்சுகிறார்.

2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். அறியாமையும் நாணமும் எவ்வளவு கொடியவை என்பதை அந்நாள் காட்டிற்று. 2017-இல் இயற்றப்பெற்று 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கவும், தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை வழங்குகிறது. உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் காப்பீடு அளிக்க வேண்டும் என்கிறது. உயிரை மாய்க்க முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே முதலில் கருத வேண்டும் என்பதும் அதன் விதி.

உயிரை மாய்க்கும் எண்ணம் உண்டா என்று கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே ஊட்டியதாகும் என்று பலர் அஞ்சுகின்றனர். அஃது உண்மையன்று. கேட்பதனால் எண்ணம் பிறப்பதில்லை; பலருக்கு நெஞ்சின் சுமை இறங்குகிறது. அத்தகைய எண்ணம் உண்டென்று அறிந்தால் அவரைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். உழவுத்தொழில் செய்யும் வீடுகளில் பூச்சிக்கொல்லி மருந்தைப் பூட்டிவைத்துச் சாவியை மற்றொருவர் வைத்திருக்க வேண்டும். கொடிய எண்ணம் பெரும்பாலும் அலைபோல் எழுந்து தணியும். அந்த வேளையில் நஞ்சு கைக்கெட்டாதிருந்தால் ஓர் உயிர் பிழைக்கும். கொல்லாமையைப் போற்றும் இல்லத்தில் இது மிக எளிய கொல்லாமை.

திருமணத்தைப் பற்றியும் ஒரு சொல். சிறு சமுதாயத்தில் எல்லாரும் எல்லார்க்கும் உறவு. ஆகவே, நோயை மறைத்து மணம் முடிப்பதும், மணமான பின் கணவன் வீட்டார் காணாதிருக்க மருந்தை நிறுத்துவதும், சில மாதங்களில் நோய் திரும்புவதும் நிகழ்கின்றன. இந்துத் திருமணச் சட்டம் சமணர்க்கும் பொருந்துவது. இன்றியமையாத உண்மையை மறைத்துச் செய்த திருமணத்தைச் செல்லாததாக்க நீதிமன்றத்தை நாட அதில் வழியுண்டு. அச்சத்தால் மறைத்தது, அஞ்சியதையே கொண்டுவந்து சேர்க்கும். முறையாகச் சிகிச்சை பெற்று நலமாக உள்ளவர், உண்மையை இருவீட்டாரும் அறிய மணம் செய்து நன்கு வாழ இயலும். மகப்பேற்றை எதிர்நோக்கும் பெண்கள் தாமே மருந்தை நிறுத்தாமல், கருவுறுவதற்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவுக்குத் தீங்கு செய்வன. அவற்றுக்கு மாற்று உண்டு.

அருகிருந்து பேணுபவரையும் மறத்தலாகாது. பல வீடுகளில் அவர் ஒரு தாயோ மனைவியோ ஆவார். ஓய்வின்றி உழைத்து அவரும் சோர்வுறுகிறார். வாரத்தில் ஒருநாள் பிற்பகல் ஓர் உறவினர் வந்து நோயாளியுடன் அமர்ந்திருந்தால், அவர் கோயிலுக்குச் சென்றுவரலாம், உறங்கலாம். இதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை.

பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனைக் கண்டு, "இவ்வழியே செல்க; இன்ன வள்ளலைக் காண்க" என்று வழிப்படுத்துவதை ஆற்றுப்படை என்று தமிழ் பெயரிட்டது. மனநோயிலிருந்து மீண்ட ஒருவர், துன்புறும் மற்றொருவரிடம் "எனக்கும் இருந்தது, இன்ன மருத்துவரைக் கண்டேன், நலமானேன்" என்று கூறுவாராயின், அதனினும் சிறந்த ஆற்றுப்படை வேறில்லை. அவ்வொரு சொல்லுக்கு நூறு அறிவுரைகள் ஈடாகா.

அந்தப் பெரியவருக்கு என்ன ஆயிற்று? குருதிப் பரிசோதனையில் பி12 குறைந்திருப்பது தெரிந்தது. அதற்கு ஊசியும், மனச்சோர்வுக்கு மாலை வேளையில் ஒரு மாத்திரையும் தரப்பட்டன. மகள் இரண்டு மாதம் தங்கினாள். முதல் மூன்று வாரங்களில் மாற்றம் ஒன்றும் இல்லை. "நிறுத்திவிடலாமே" என்றனர் உறவினர், அவள் நிறுத்தவில்லை. ஐந்தாம் வாரம் ஒரு காலையில் அவர் தாமே எழுந்துவந்து, "கிணற்றுமேட்டு மணிலாவுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்களா?" என்று கேட்டார். பிறகு கொஞ்சம் கஞ்சி கேட்டார். மகள் அடுப்படியில் நின்று அழுதாள்.

அவ்வாண்டு தசலட்சணத்தில், மருத்துவர் இசைவுடன் அவர் ஒருவேளை உண்டு நோன்பிருந்தார். உண்ணாநோன்பின் பயன் அதை ஏற்பவரின் தெளிந்த உள்ளத்தில் இருக்கிறது. அத்தெளிவை அவர் மருந்தின் துணையால் மீட்டுக்கொண்டார்.

உணவும் மருந்தும் அறிவும் அபயமும் வேண்டி நிற்போர் தொலைவில் இல்லர். அடுத்த வீட்டிலும், சில வேளை அதே வீட்டிலும் இருக்கின்றனர். இவ்விழா முடிந்து இல்லம் திரும்பும்போது, பேச்சுக் குறைந்துபோன ஒருவரை நினைவுகூர்ந்து, அவர் அருகே சென்றமர்ந்து, "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டு, அவர் விடை சொல்லும்வரை காத்திருங்கள். அதுவே இந்நாளுக்கு உரிய தானம்.

ஜைனம் ஜயது சாசனம்.